பதற்றம் வந்தால் கை ஏன் பிசகுகிறது?

ஆட்டத்தின் இக்கட்டான கட்டத்தில் நெஞ்சு படபடப்பதும் நாக்கு வறள்வதும் கை சில்லிடுவதும் உடல் ஆபத்துக்குத் தயாராகும் அறிகுறிகள். அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு கூடுகிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது. எடை தூக்குபவருக்கு இது ஓரளவு உதவிதான். அம்பு எய்பவருக்கு அதே துடிப்பு இடைஞ்சல். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் கை விறைத்து, நுணுக்கம் போய்விடுகிறது. துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளுக்குத் துப்பாக்கிச் சுடுதலில் தடை இருப்பது இதனால்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு வென்ற வெள்ளியும் வெண்கலமும் அந்த மருந்தால் பறிபோயின.

உடலைவிடக் கவனத்துக்கே சேதம் அதிகம். பல்லாயிரம் முறை பழகிய அசைவு தன்பாட்டில் நடக்கும். தோற்றுவிடுவோமோ என்ற பயம் புகுந்ததும், முழங்கை எங்கே, மணிக்கட்டு எப்படி என்று ஆட்டக்காரர் தன்னையே கண்காணிக்கத் தொடங்குகிறார். படியிறங்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்து வைத்தால் தடுக்குவதைப்போல, ஒரே வீச்சாக இருந்த அசைவு துண்டு துண்டாகிறது.

1993 விம்பிள்டன் டென்னிஸ் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலையில் இருந்தார். சர்வீஸும் அவருடையது, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அங்கே டபுள் ஃபால்ட் செய்தார். பிறகு ஒரு கேம்கூட எடுக்கவில்லை. மனதில் என்ன ஓடியதோ, அவருக்கே வெளிச்சம். திறமை அரை மணி நேரத்தில் ஆவியாகிவிடாது என்பது மட்டும் நிச்சயம். 1998இல் அதே மைதானத்தில் அவர் பட்டம் வென்றார்.

கால்பந்துப் பெனால்டியில் கண்ணும் சேர்ந்து காலை வாரிவிடுகிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், காலி இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் பதறியவரின் பார்வை கோல்கீப்பர்மீதே ஒட்டிக்கொள்கிறது. சோதனைகளில், பதற்றமூட்டப்பட்டவர்கள் கோல்கீப்பரைச் சீக்கிரமாகவும் கூடுதல் நேரமும் பார்த்தார்கள். பந்தும் அவருக்கு அருகிலேயே போனது. பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்-அவுட்களை ஆராய்ந்த நார்வேயின் கெயிர் யோர்டெட் கண்டது இன்னும் சுவையானது. அடித்தால் வெற்றி என்ற நிலையில் பத்தில் ஒன்பது உதைகள் கோலாயின. தவறினால் தோல்வி என்ற நிலையில் ஏறக்குறைய ஆறுதான். தூரமும் பந்தும் ஒன்றே, பயம்தான் வேறு. விசில் ஊதியதும் முடித்துத் தொலைக்கும் அவசரத்தில் ஓடி உதைத்தவர்களும் அதிகம் தவறவிட்டார்கள்.

ஆகவே பயிற்சியாளர்கள் பதற்றத்தை விரட்டப் பார்ப்பதைவிட, அதோடு ஆடப் பழக்குவதே பலன் தருகிறது: பயிற்சியிலேயே சற்று நெருக்கடி கொடுப்பது, இலக்கில் பார்வையை நிறுத்துவது, மூச்சை நிதானமாக விட்டபின் உதைப்பது. உலகக் கோப்பையில் 1990, 1998, 2006 என மூன்று ஷூட்-அவுட்களிலும் தோற்ற இங்கிலாந்தை, அதன் பயிற்சியாளராக இருந்த கேரத் சவுத்கேட் இப்படித்தான் அவசரமின்றி உதைக்கப் பழக்கினார். அவரே 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைக் கோட்டைவிட்டவர். 2018 உலகக் கோப்பையில் அவரது அணி கொலம்பியாவை ஷூட்-அவுட்டில் 4-3 என வென்றது. 2021இல் யூரோ இறுதியில் இத்தாலியிடம் ஷூட்-அவுட்டில் மறுபடி தோற்றது. 2024 யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐந்து உதைகளையும் கோலாக்கியது.