பாளி படித்த தேசாதிபதி

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி வளவுக்குள் தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதனின் சமாதிக் கோயில் இருக்கிறது. அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் 1915ஆம் ஆண்டுக் கதை வந்துவிடும். சிங்களவருக்காகக் கப்பலேறி லண்டன் போய் வாதாடியவர். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே வண்டியை இழுத்தார்கள். சரி, யாருடைய ஆட்சிக்கு எதிராக வாதாடினார்? அந்தப் பெயரை நாங்கள் மறந்துவிட்டோம்.

றொபேட் சாமர்ஸ். 1913இல் இலங்கைக்குப் பிரித்தானியத் தேசாதிபதியாக வந்தவர். வரும்போதே பாளி மொழியில் தேர்ந்தவர். புத்த ஜாதகக் கதைகளின் முதல் தொகுதியை 1895இலேயே ஆங்கிலத்தில் தந்தவர். பௌத்த நாடொன்றை ஆள இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

1915 மே 28, வெசாக் இரவு. கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் பௌத்த ஊர்வலத்தில் மூண்ட தகராறு, சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. முஸ்லிம்களான சோனகரின் கடைகள் எரிந்தன, உயிர்களும் போயின. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கலவரத்துக்குள் அரசுக்கு எதிரான சதி ஒளிந்திருப்பதாக ஆட்சியாளர்கள் மிரண்டார்கள். ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. மதுவிலக்குப் பிரசாரம் செய்த டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக போன்றவர்கள்கூடச் சிறைக்குப் போனார்கள். எட்வேட் ஹென்றி பெத்ரிஸ் என்ற 26 வயது இளைஞன், அதுவும் அரசின் கொழும்பு நகரக் காவற்படையிலேயே அதிகாரி, இராணுவச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஜூலை 7இல் வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனை இருத்திச் சுட்ட, இரத்தம் தோய்ந்த நாற்காலியைச் சிறையிலிருந்த தலைவர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

கலவரம் மூண்ட அதே மே மாதத்தில்தான் சாமர்ஸின் இரண்டு மகன்களும் போர்முனையில் அடுத்தடுத்து மாண்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், இன்னொரு தகப்பனின் பிள்ளைக்கு விதித்த தண்டனையை ஏன் தடுக்கவில்லை? துயரம் மனிதரை இளக்கும் என்கிறோம். எப்போதும் இல்லை.

இராமநாதன் சட்டசபையில் முழங்கினார். 1916இல் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். துணிச்சலான காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் அடிபட்ட சோனகரின் வலி அவருடைய வாதத்தில் மங்கித்தான் கிடந்தது. முஸ்லிம்களும் தமிழரே என்று 1880களில் வாதிட்டவரும் அவரே. இவை தந்த மனக்காயம் முஸ்லிம்களிடம் நெடுநாள் இருந்தது. வண்டிக் கதையைப் பெருமையாகச் சொல்லும் நாங்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாமர்ஸ் 1915 முடிவில் இலங்கையை விட்டுப் போனார். மறு ஆண்டு, அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த ஈஸ்டர் எழுச்சியை ஒடுக்கிய கையோடு, அந்நாட்டு நிர்வாகத்தைச் சில மாதங்கள் அவரிடம் ஒப்படைத்தார்கள். பிறகு பிரபு பட்டம், கேம்பிரிட்ஜில் கல்லூரித் தலைமை. அங்கிருந்தபோது, 1926இல், புத்தரின் உரைகள் அடங்கிய மஜ்ஜிம நிகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிடத் தொடங்கினார்.