உங்களுக்குத் தெரியுமா? முயலின் குடலும் ஒரு சிட்டிகை மதுவமும்

● யாழ்ப்பாணத்தில் அப்ப மா புளிக்கக் கள்ளு விடுவார்களே, அந்தக் கள்ளைப் பொங்கவைக்கும் முக்கிய மதுவமும் (ஈஸ்ட்) ஐரோப்பாவில் முயல் தீனியில் கலக்கும் மதுவமும் ஒரே இனம்: சக்கரோமைசெஸ் செரவிசியே. பனங்கள்ளின் நுண்ணுயிர்கள் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1987இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே இனம் என்பதற்காக முயலுக்குக் கள்ளு வார்த்துவிடாதீர்கள். அதில் மதுசாரமும் புளிப்பும் உண்டு. தீனிக்குப் போவது, சோதித்துத் தேர்ந்தெடுத்து உலர்த்திய தனி வகை.

● முயல் தன் எச்சத்தில் ஒரு பகுதியைத் தானே தின்னும். கூட்டுக்குள் நாம் காணும் உலர்ந்த உருண்டைகளை அல்ல. குருட்டுக்குடலில் இருந்து வரும் மென்மையான, பளபளப்பான, திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொண்டிருக்கும் எச்சம் அது. முயல் தலையைப் பின்கால்களுக்கு இடையே மடித்து, அது நிலத்தில் விழுமுன்பே வாயில் எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். குடல் நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும் பி விற்றமின்களும் இப்படித்தான் அதன் உடம்பில் சேர்கின்றன. இந்த எச்சம் தின்னப்படாமல் கூட்டில் கிடந்தால் தீனியைக் கவனியுங்கள். தவிடும் புண்ணாக்கும் கூடி, நார் குறைந்திருக்கலாம்.

● மதுவம் முயலின் குடலில் குடியேறுவதில்லை. முயலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். மதுவத்துக்கு விருப்பமானதோ 30 பாகை அளவு. ஆகவே அது உள்ளே போய், வேலை செய்து, வெளியேறிவிடும். அதனால்தான் அதை நாளாந்தம் தீனியோடு கொடுக்கிறார்கள்.

● செத்த மதுவமும் வீணில்லை. உலர்ந்த மதுவத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு புரதம். அதன் கலச்சுவரிலுள்ள மனன் என்ற சர்க்கரைச் சங்கிலியில் சில தீய பற்றீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும். குடற்சுவரைப் பிடிக்காமல் அதோடு சேர்ந்தே வெளியே போய்விடும்.

● பால்குடி மறக்கும் பருவம்தான் முயல் குட்டிக்குக் கண்டம். ஏறக்குறைய ஐந்து வாரத்தில் தாயை விட்டுப் பிரியும்போது, குருட்டுக்குடலின் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைகொண்டிருக்காது. வயிறு ஊதும், கழியும், ஓரிரு நாளில் குட்டி போய்விடும். முன்பெல்லாம் இதற்குத் தீனியிலேயே நுண்ணுயிர்கொல்லி மருந்து கலப்பார்கள். வளர்ச்சியைத் தூண்ட அப்படிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மதுவத்தின் மீது கவனம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

● பலன் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில ஆய்வுகளில் குட்டிச் சாவு குறைந்து எடையும் கூடியிருக்கிறது. வேறு சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. சுத்தமான கூடும் நல்ல தீனியும் உள்ள பண்ணையில் மதுவத்துக்குச் செய்வதற்கு அதிகம் இராது என்பது என் எண்ணம்.

● வயிற்றுப்போக்குக்கு மனிதருக்குக் கொடுக்கும் மதுவமும் ஒன்று உண்டு. 1920களில் இந்தோசீனாவில் வாந்திபேதி பரவியபோது, மங்குஸ்தான், லீச்சிப் பழத்தோல்களை அவித்துக் குடித்தவர்களைக் கவனித்தார் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பூலார். அவர் பிரித்தெடுத்த மதுவத்துக்கு அவருடைய பெயரே நின்றுவிட்டது.

● பாணில் பூசும் மார்மைட்டும் மதுவச் சாறுதான். 1934–35இல் இலங்கையை மலேரியா சூறையாடியபோது, பசியால் நலிந்த மக்களுக்குச் சூரியமல் என்ற இயக்கத்தின் தொண்டர்கள் மருந்தோடு மார்மைட்டையும் கொடுத்தார்கள்.

● பேக்கரி ஈஸ்டை மாவிலோ தவிட்டிலோ ஈரமாகக் குழைத்து வைக்கவே கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சேரும் வாயு உயிருக்கே ஆபத்து.

● மாரி காலத்தில் பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கை மதுவம் திருத்தித் தராது. கலச்சுவர் சில பூஞ்சண நஞ்சுகளைப் பிடிக்கும் என்பது உண்மை. அதை நம்பி அந்தப் புண்ணாக்கைப் போட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

● சித்திரை வெயிலில் முயல் தின்பது குறையும். வியர்வையால் உடம்பை ஆற்ற அதற்கு வழியில்லை. காதுகள் வழியாகத்தான் சூட்டைப் பெரிதும் வெளியே விடும். அப்போது கூட்டுக்கு மேல் கிடுகு போட்டு நிழல் செய்து, குளிர்ந்த தண்ணீரும், மாலையில் வாடவிட்ட அறுகம்புல்லும் முள்முருங்கைக் குழையும் வையுங்கள். மதுவப் பொடி வாங்குவதானால் அதன் பிறகு, மிருக வைத்தியரிடம் அளவு கேட்டு வாங்கலாம்.