முதுகுப்பையில் குட்டி விறகு அடுப்பு: காட்டுக்குள் பற்ற வைத்தால் வழக்கு பாயும்!

மலை ஏறப் போறவங்களுக்கு ஏறுறது கூட பெரிசு இல்ல. மேலே போய் ஒரு டீ, ஒரு கஞ்சி வைக்கிறதுதான் பெரும்பாடு.

கேஸ் சிலிண்டரை ரெயிலில் கொண்டு போகக் கூடாது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி மதுரையில் நின்று கொண்டிருந்த சுற்றுலா ரெயில் பெட்டியில், பயணிகள் தடையை மீறி கொண்டு வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் பலியானார்கள்.

இந்த சிக்கல் இல்லாத சாமான் ஒன்று இருக்கிறது. கால் கிலோ எடையில் குட்டி விறகு அடுப்பு! எரிபொருள் சுமக்க வேண்டாம். கீழே கிடக்கும் சுள்ளியே போதும்.

புகை எங்கே போகுது?

பார்க்க டப்பாவுக்குள் டப்பா மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் சந்து. அடி ஓட்டை வழியாக நுழையும் காத்து கொஞ்சம் நேராக விறகுக்கு போகும். மீதி அந்த சந்து வழியாக சூடாகி மேலே ஏறி, உள்டப்பா விளிம்பில் இருக்கும் ஓட்டைகளில் வெளியே வரும். விறகில் இருந்து கிளம்பும் புகை, அந்த சூடான காத்தோடு சேர்ந்து அங்கேயே எரிந்து விடும். மூணு கல் அடுப்பில் கண்ணை கரிக்கிற அதே புகை, இதில் எரிபொருள்.

விரல் தடிமன் காய்ந்த சுள்ளியாக ஒடித்து அடுக்கி, மேல் பக்கமாக பற்ற வைக்க வேண்டும். மேல் ஓட்டையை அடைக்கிற மாதிரி திணித்தால் புகைதான் மிச்சம். ஈரச் சுள்ளி என்றால் ஊதி ஊதி வாய் வலிக்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை சுள்ளி போட்டுக்கிட்டே இருக்கணும், பக்கத்தை விட்டு நகர முடியாது.

பாத்திரமும் கரி பிடிக்கும். ஊர்ப்பக்கம் அடுப்பில் ஏற்றும் முன்பு பாத்திரத்தின் அடியில் சாம்பலை குழைத்து பூசுவார்களே, அந்த வித்தை இதுக்கும் செல்லும்.

கூடாரத்துக்குள் மட்டும் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே இல்லாமல் ஆளை கொன்று விடும்.

குரங்கணி பயங்கரம்

எல்லாம் சரி, எங்கே பற்ற வைப்பது? அங்கேதான் வில்லங்கம். 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டுவது குற்றம். குட்டி அடுப்புக்கு என்று தனி சலுகை கிடையாது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேற்றம் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தனர். அந்த தீ எப்படி பிடித்தது என்பது வேறு கதை. ஆனால் காய்ந்த புல் சரிவில் தீ கிளம்பினால் மனுஷன் ஓடுகிறதை விட வேகமாக மேலே ஏறும். அதற்கு ஒரு பொறி போதும். இந்த அடுப்பிலோ மேல் பக்கம் திறந்தே கிடக்கிறது, காத்து அடித்தால் பொறி பறக்கும். கேஸ் அடுப்பு மாதிரி திருகி நிறுத்தவும் முடியாது.

சொந்த தோட்டம், உரிமையாளர் சம்மதித்த எஸ்டேட் முகாம் என்றால் தாராளமாக வைக்கலாம். சருகை கூட்டி ஒதுக்கி, தட்டையான கல் மேல் வைத்து, பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். முடிந்ததும் சாம்பலில் தண்ணீர் ஊற்றி கிளறணும். தொட்டால் சுடக் கூடாது. அணைந்து விட்டது என்று கொட்டும் சாம்பலுக்குள் கங்கு ரொம்ப நேரம் உயிரோடு இருக்கும்.

காட்டுப் பாதையில் போறவங்களுக்கு புளிச்சாதம், அவல், கடலை மிட்டாய்தான். டீயை அடிவாரத்திலேயே வாங்கி பிளாஸ்க்கில் நிரப்பிக்கிட்டு ஏற வேண்டியதுதான்.