பலகை கண்விழிக்கும் கணம்

வவுனியாவில் கோடை வந்தால் கிணற்று நீர் கீழே போய்விடும். அந்த நாட்களில் தாங்கி நிரம்பி வழிந்தால் எவருக்கும் மனம் பொறுக்காது. அதனால், தாங்கி நிறைந்ததும் சிவப்பு விளக்கு எரியும் சிறு கருவியொன்றைச் செய்தேன். அதன் மூளை ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்படுத்தி. ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட சில்லு அது.

தாங்கிக்குள் ஒரு மிதப்பு ஆளி. நீர் நிறைந்ததும் அது மூடி, பலகையின் 12ஆம் முனைக்கு 3.3 வோல்ற்று கொடுக்கும். மிதவையைக் கையால் உயர்த்திப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பின்பு ஒருநாள் மின்வெட்டு. மின்சாரம் திரும்பியும் விளக்கு எரியவில்லை. தாங்கி நிறையவில்லை என நினைத்து உம்மா மோட்டரைப் போட, முற்றமெல்லாம் தண்ணீர். நான் பார்க்கும் நேரத்தில் நீர் கொஞ்சம் செலவாகியிருந்தது. கருவியும் ஒழுங்காக வேலை செய்தது! மூன்றாவது முறை உம்மா சொன்னார்: “தாங்கி நிறைஞ்சிருக்கக்குள்ள கரண்ட் போய் வந்தாத்தான் மகள் உன்ட பெட்டி படுக்குது.” நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் உம்மா சொன்னதே சரி.

மின்சாரம் கிடைத்ததும் சில்லு சில விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும். செய்நிரலைப் பிளாஷ் நினைவகத்தில் இருந்து எடுப்பதா, கணினியில் இருந்து பெறுவதா? அந்த நினைவகத்துக்கு எத்தனை வோல்ற்று கொடுப்பது? விடையறிய அது 0, 2, 5, 12, 15 ஆகிய ஐந்து முனைகளை அந்தக் கணத்தில் மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதன்பின் அவை சாதாரண முனைகள். 0ஆம் முனை தாழ்ந்திருந்தால் புதிய செய்நிரலுக்காகக் காத்திருக்கும். 12ஆம் முனை உயர்ந்திருந்தால் நினைவகத்துக்கு 1.8 வோல்ற்றே கொடுக்கும். என் பலகையின் நினைவகத்துக்கோ 3.3 வேண்டும். ஆகவே செய்நிரலை வாசிக்க முடியாமல் சில்லு மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கியது. நீர் இறங்கி ஆளி திறந்த பிறகே அந்த முயற்சி வெற்றி பெற்றது.

இதைக் கண்டுபிடித்தது இப்படித்தான். எல்லா வயர்களையும் கழற்றினேன். மல்டிமீற்றரால் 3.3 வோல்ற்று வருவதை உறுதி செய்தேன். பலகையைக் கணினியில் இணைத்து, வேகத்தை 115200 என அமைத்தேன். கண்விழிக்கும் ஒவ்வொரு தடவையும் பலகை ஒரு வரி எழுதும். அதில் 13 என்றொரு பதினறும எண் இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் மீள்தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். மிதவையை உயர்த்தி அழுத்தியபோது எண் 33 ஆனது. நினைவகத்தை வாசிக்க முடியவில்லை என்ற செய்தியும் வந்தது.

துவிதத்தில் 13 என்பது 010011; 33 என்பது 110011. மாறியது ஓர் இலக்கம்தான். அது 12ஆம் முனைக்குரியது. பரீட்சைக்காக மட்டுமே படித்த எண்முறைமைப் பாடம் வீட்டுத் தாங்கிக்கு உதவும் என நான் நினைத்திருக்கவில்லை.

வயரை 27ஆம் முனைக்கு மாற்றி, செய்நிரலில் ஒரு வரியைத் திருத்தினேன். தாங்கியை நிரப்பி, மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்தேன். விளக்கு எரிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

செயற்றிட்டம் செய்யும் சகோதரிகளே, வயரைப் பொருத்துமுன் அந்த முனைக்குத் தொடக்கத்தில் வேறு வேலை உண்டா எனத் தரவுத்தாளில் பாருங்கள். உணரியின் எல்லா நிலைகளிலும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்துச் சோதியுங்கள். கருவியைத் தினமும் பார்ப்பவர் சொல்வதையும் கேளுங்கள். நான் முதலிலேயே உம்மாவிடம் கேட்டிருந்தால் மூன்று தாங்கித் தண்ணீர் மிஞ்சாவிட்டாலும், இரண்டாவது மிஞ்சியிருக்கும்.