மலைபடுகடாமும் மலைவழிச் செலவும்

தமிழ்நாடு நில வேறுபாடு மிக்க நாடு. கிழக்கே நெடிய கடற்கரை. நடுவே ஆற்று நீர் பாயும் சமவெளி. மேற்கே முகில் தவழும் மலைத்தொடர். நீலமலையின் முடியாகிய தொட்டபெட்டா 2637 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. இந்நில வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே முன்னையோர் ஐந்திணை வகுத்தனர்.

மலையையும் காட்டையும் நடந்து சென்று காணும் வேட்கை இந்நாளில் மக்களிடையே பெருகி வருகின்றது. இயற்கைக்கு ஊறு நேராமலும், அங்கு வாழ்வார்க்குப் பயன் விளையுமாறும் மேற்கொள்ளப்பெறும் செலவினைச் சூழலியற் சுற்றுலா என வழங்குகின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டினை அதற்குரிய அனைத்துலக ஆண்டாக அறிவித்தது. அதனால் இஃது அண்மையில் மேனாட்டிலிருந்து வந்த கருத்து என்று பலரும் எண்ணுவர். சொல் புதியதே. ஆயின், மலைவழிச் செல்வார் அறியவேண்டிய நெறிகளைத் தொகுத்துரைக்கும் பழைய நூலொன்று நம்மிடம் உள்ளது. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாமே அந்நூல். அதன் வழிகூறும் பகுதியை ஈண்டு ஆராய்வாம்.

மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இதனைப் பாடினார். நன்னனது ஊராகிய செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்றும், பாட்டிற் கூறப்பெறும் நவிரமலை அம்மாவட்டத்துப் பருவதமலை என்றும் அறிஞர் கூறுவர். பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் குழுவினர்க்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்லி அவர்களை ஆற்றுப்படுத்துகின்றான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டில் பதிப்பித்த பின்னரே இந்நூல் கற்போர் யாவர்க்கும் எளிதிற் கிட்டியது.

ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்குங்கால், வள்ளலின் கொடையையே நாம் பெரிதும் எடுத்து மொழிகின்றோம். வழியைப் பற்றிய அடிகளை இயற்கை வருணனை என்று சொல்லிக் கடந்து விடுகின்றோம். எம் வகுப்பறையிலும் பன்னாள் அவ்வாறே நிகழ்ந்தது. ஆயின் மலைபடுகடாத்தில் பாதிக்கு மேற்பட்ட அடிகள் வழியையும், வழியிடை ஊர்களையும் பற்றியனவாகவே உள்ளன. அவற்றை வரிசைப்படுத்தி நோக்கின், ஒரு தெளிவான ஒழுங்கு புலனாகின்றது. ஓர் இடர் கூறப்படும். அதற்குக் காரணம் கூறப்படும். அதனைத் தவிர்க்கும் வகையும் உடன் கூறப்படும். சில சான்றுகள் காண்போம்.

முதலாவது, காலம். தினைப்புனத்தைப் பன்றிகள் அழியாதிருத்தற்பொருட்டு, அவை வரும் வழிகளில் பொறிகள் வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் இருளில் நடவாது, பொழுது புலர்ந்த பின்னரே செல்லுக என்கின்றான் வழிகூறுவோன். கதிரவன் மறைந்தபின் மலைக்குகையில் தம் இல்லம் புகுந்தாற்போலத் தங்கி, வைகறையில் எழுந்து செல்லுமாறும் கூறுகின்றான்.

இரண்டாவது, அடி வைக்கும் முறை. மேடு பள்ளமான இடங்களில் பாம்புகள் மறைந்திருக்கும். அவ்விடங்களைக் குறித்துக்கொண்டு சற்றே விலகிச் செல்லவேண்டும். பாசி படர்ந்த வழுக்குநிலம் கால்களைத் தளரச் செய்யும். வழியோரத்துச் சிறுமூங்கிலையும் கோரை போன்ற தண்டுகளையும் பற்றிக்கொண்டு கடக்கவேண்டும். புனத்திற் புகும் யானையை வெருட்டக் கானவர் பரண்மீதிருந்து கவணால் எறியும் கற்கள் ஓயாது வந்து விழும். மரங்களின் மறைவிலே ஒதுங்கிச் செல்லவேண்டும். இவ்விடர்களுட் சில விலங்கினால் வருவன. சில நிலத்தினால் வருவன. சில, அங்கு வாழ்வார் தம் பயிரைக் காத்தற்குச் செய்யும் தொழிலால் வருவன. மலை என்பது ஒருவர் உழைத்து வாழும் இடம் என்பதனைப் புதியவர் மறத்தல் கூடாது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, பின்வருவாரை எண்ணுதல். வழிகள் கிளைக்கும் இடத்தில், அவ்விடத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அறிவுறுத்துகின்றான். முன் அறியாத நிலத்திற்குப் புதியராய் வருவோர் நெறி தப்பாதிருத்தற்கு இதுவே வழி. இவ்வடையாளத்தால் மரத்திற்கு வெட்டில்லை, பாறைக்கு வண்ணப்பூச்சில்லை. புல் உலர்ந்ததும் தானே மறைந்தொழியும்.

நான்காவது, வழி தப்பினால் செய்யவேண்டுவது. குறவரே திகைக்கும் குன்றத்தில் அகப்பட்டால், மேலும் நடத்தலை விட்டு, அகன்ற பாறைமேல் அனைவரும் ஒன்றுகூடி, தம் இசைக்கருவிகளை முழக்கவேண்டும். அவ்வொலியைக் கேட்டுக் காட்டைக் காத்து வாழும் கானவர், வெள்ளத்தில் வீழ்ந்தாரை மீட்க ஓடிவருவார் போல விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டுவர். தாம் முன்னே நடந்து வழிகாட்டுவர். இன்று மலையேற்றப் பயிற்சி அளிப்போர் முதற்பாடமாகக் கற்பிப்பதும் இதுவே: வழி தப்பினால் நில்; பிரியாதே; ஊதலால் ஒலி எழுப்பு; அறிந்தவர் வரும்வரை காத்திரு.

ஐந்தாவது, தொடாமையும் நெடிது தங்காமையும். மலைச்சுனையில் பூத்த குவளையைத் தொட்டாலும், வரையரமகளிர் உறையும் இடத்தைக் கண்டாலும் உயிர் நடுங்கும் துன்பம் நேரலாம்; ஆதலின் பல நாள் நில்லாது சமநிலத்திற்கு இறங்குக என்கின்றான். அச்சத்தின் வாயிலாகக் கூறப்பட்டதேனும், மலையில் விருந்தினர்க்கு எல்லாம் உரியன அல்ல என்னும் வரம்பு இதனுள் அடங்கியுள்ளது.

இவ்வளவும் இடர்பற்றியன. வழியெங்கும் விருந்தோம்பலும் உண்டு. குறிஞ்சியில் குறவர் ஊனும் தினைச்சோறும் தருவர். முல்லையில் ஆட்டுமந்தையுடைய கோவலர் பாலும் உணவும் அளித்து, ஆட்டுத்தோற் படுக்கையில் துயிலச் செய்வர். இரவெல்லாம் எரியும் தீ அங்குத் துணையாகும். மருதத்தில் சேயாற்றங்கரை உழவர் ஓம்புவர். நிலம் மாறுந்தோறும் வழிகாட்டுவாரும் உணவும் மாறுகின்றமை நோக்கத்தக்கது. அவ்வந்நிலத்து அறிவு அவ்வந்நிலத்தாரிடமே உள்ளது என்பது பாட்டின் அடிப்படைக் கருத்தாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். இவ்விடர்கள் யாவும் நன்னனது நாட்டின் அரண்மிகுதியைக் காட்டவே புனைந்துரைக்கப்பட்டன என ஒருவர் கூறலாம். அரண்மிகுதி காட்டுதல் ஒரு நோக்கமாகலாம் என்பதனை யாமும் உடன்படுவோம். ஆயின் அஃது ஒன்றே நோக்கமாயின், இடரின் கொடுமையைப் பெருக்கிக் கூறி அமைவதே போதும். எதனைப் பற்றிக்கொள்வது, எங்கு ஒதுங்குவது, எப்பொழுது புறப்படுவது என ஒவ்வொன்றிற்கும் பரிகாரம் கூறவேண்டுவதில்லை. அடியிட்டு நடப்பவனுக்கே அவை பயன்படும். இப்பகுதி நடந்து பழகிய மக்களின் அறிவிலிருந்து எழுந்தது என்று கொள்வதே பொருந்தும்.

நிற்க. இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடத்தக்கது அன்று என்பதனை ஒரு துயர நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், தேனி மாவட்டம் போடியை அடுத்த குரங்கணி மலையில், மலையேற்றத்திற்குச் சென்ற குழுவினர் காட்டுத்தீயிற் சிக்கினர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் பலர் இளைஞர். கோடைத் தொடக்கத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து நிற்கும். தீ, சரிவில் மேல்நோக்கிப் பரவுங்கால் மிக விரைந்து செல்லும். மேலேறி ஓடுவார் அதனை முந்துதல் அரிது. புதியவர்க்கு அச்சரிவு அழகிய புல்வெளியாகவே தோன்றும். எந்தத் திங்களில் எந்தச் சரிவு செல்லத்தகாதது என்பது அந்நிலத்தில் ஆண்டு முழுதும் வாழ்வார் அறிவது. காலம் அறிந்து செல்லுக என்னும் பழைய அறிவுரையின் பொருள் இங்கு எத்துணைக் கடுமையாக விளங்குகின்றது!

அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு, காட்டுவழி மலையேற்றத்திற்கு முன்னிசைவும் வழிகாட்டியும் வேண்டும் என விதிகள் வகுத்தது. பின்னர் 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் தேர்ந்து, எளியன, இடைப்பட்டன, கடியன என வகைப்படுத்தி, மலையேற்றத் திட்டம் ஒன்றினைத் தொடங்கியது. மலைவாழ் மக்களும் காட்டை அடுத்த ஊரினரும் பயிற்சி பெற்று இவ்வழிகளில் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டுள்ளனர்.

பழைய செலவும் இன்றைய செலவும் ஒன்றே என யாம் கூறவில்லை. கூத்தர் வயிற்றுப்பாட்டிற்காக நடந்தனர். இன்று செல்வோர் இன்பத்திற்காக நடக்கின்றனர். அன்று விருந்து விலையின்றிக் கிடைத்தது. இன்று கட்டணம் உண்டு. ஆயினும் ஒன்று மாறவில்லை. வழிகாட்டியைச் சுமைதூக்கும் ஏவலாளாக நினைப்பவன் மலையை அறியான். மலைபடுகடாத்தில் கானவன் முன்னே நடக்கின்றான். வந்தவர் பின்னே நடக்கின்றனர். அவ்வரிசை பிறழாத இடத்தில்தான் உயிர்க்கும் காட்டிற்கும் காவல் உண்டு.

இதன்கண் தமிழ்த்துறைகட்கும் ஒரு கடமை உளது. கிளைவழிக்கு ஒரு பெயர், வழுக்குப் பாறைக்கு ஒரு பெயர், யானை நடந்த தடத்திற்கு ஒரு பெயர் என மலைவாழ் மக்கள் வழங்கும் சொற்கள் பலவாகும். முதியோர் மறையுந்தோறும் அவற்றுட் சில அவரோடு மறைகின்றன. மலைபடுகடாத்தின் அருஞ்சொற்களுக்கு உரைகளில் மட்டும் பொருள் தேடி அமையாது, மாணவரை மலையூர்களுக்கு அனுப்பி இச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு பழம்பாட்டிற்கு உரையாகவும், புதிதாக மலை ஏறுவார்க்குத் துணையாகவும் அமையும்.