வெளியே பனி, உள்ளே குட்டிப் பட்டாளம்: இதெல்லாம் தெரியுமா?

நாளைக்குப் பனி கொட்டிப் பள்ளிக்கூடம் லீவு விட வேண்டும் என்று, அமெரிக்கக் குழந்தைகள் பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு தூங்குவார்கள், தெரியுமா? தலையணைக்கு அடியில் கரண்டி வைப்பவர்களும் உண்டு! வேண்டுதல் பலித்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாள் முழுக்க அவர்களை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்கும் பெற்றோருக்கு? அவர்களுக்கும் கொண்டாட்டம்தான். படியுங்கள்!

குளிருக்குப் பிறந்தது கூடைப்பந்து, தெரியுமா?

1891 டிசம்பர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். வெளியே விளையாட முடியாமல் மாணவர்கள் துடித்தார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனி ஓரத்தில் இரண்டு பீச் பழக்கூடைகளை அடித்து மாட்டி, 13 விதிகள் எழுதி, ஒரு கால்பந்தைக் கையில் கொடுத்தார். அடியில் ஓட்டை இல்லாத கூடை! பந்து விழுந்தால் யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் துணிக்கூடையும் சுருட்டிய காலுறைகளும் இருந்தால் போதும், ஆட்டம் ஆரம்பம்!

சுவர் துடைத்த மாவுதான் ‘ப்ளே டோ’, தெரியுமா?

வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரித்த காலத்தில், சுவர்க்காகிதத்தில் படியும் கரியைத் துடைக்கச் சின்சினாட்டியின் ‘குட்டோல்’ கம்பெனி ஒரு மாவு தயாரித்தது. எண்ணெயும் எரிவாயுவும் வந்ததும் வியாபாரம் படுத்தது. அப்போது கே ஸுஃபால் என்ற நர்சரி ஆசிரியை அந்த மாவைத் தன் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுக்க, அவர்கள் கிறிஸ்துமஸ் அலங்காரங்களாகச் செய்து தள்ளினார்கள்! 1956இல் அதே மாவு விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

வீட்டிலும் இதுபோல் செய்யலாம். 2 கப் மைதா, 1 கப் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் இன்னொரு பிடி மைதா. உப்பு மிக அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

பத்து அங்குலப் பனி உருகினால் எவ்வளவு தண்ணீர், தெரியுமா?

சுமார் ஓர் அங்குலம்தான்! புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. பிள்ளையை வெளியே விட முடியாவிட்டால், பனியை உள்ளே கொண்டுவாருங்கள். பழைய துண்டு விரித்து, அகலமான பாத்திரம் நிறையப் பனி, கையுறை, கரண்டி, ஃபுட் கலர் கலந்த தண்ணீர். சிவப்புச் சொட்டு பனிக்குள் இறங்கி ரோஜா நிறமாகப் பரவுவதைப் பார்த்தால் பெரியவர்களே நகர மாட்டார்கள்! கடைசியில் உருகிய தண்ணீரை அளந்து காட்டுங்கள். அடியில் தங்கும் தூசியையும்தான்.

பனித்துகளைப் படம் எடுத்த விவசாயி, தெரியுமா?

வெர்மான்ட் மாநிலத்து வில்சன் பென்ட்லி, கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்து 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேல்! தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் பனிப்படிகத்துக்கு ஆறு கைகள். வட்டக் காகிதத்தைப் பாதியாக, அடுத்து மூன்றாக, மறுபடி பாதியாக மடித்து ஓரங்களைக் கத்தரியுங்கள். விரித்தால் ஆறு கைகளும் அச்சு அசலாக வந்து நிற்கும்!

நம் பரமபதம் பனி நாட்டுக்குப் போன கதை, தெரியுமா?

மார்கழிக் குளிரில், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுகிறோமே, அந்தப் பரமபதத்தின் குடும்பத்து விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ‘ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ ஆனது. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளை எடுத்துவிட்டுச் சறுக்குமரங்களை வைத்தது! இன்று டொராண்டோவில் பனிக்கு அடைபட்ட தமிழ்ப் பேரப்பிள்ளைக்குப் பாட்டி தாயம் உருட்டக் கற்றுக்கொடுத்தால், அது எத்தனை அருமை!

வெறும் 6 லெகோ கட்டைகளை எத்தனை விதமாக அடுக்கலாம், தெரியுமா?

எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டைகள் என்றால் 91,51,03,765 விதமாக! “போரடிக்குது” என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

கூடை, மாவு, காகிதம், ஆறு கட்டை. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஆச்சரியப்பட ஒரு பெரியவர்தான் தேவை. அடுத்த பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும் பாலும் ரொட்டியும் வாங்கப் போவீர்களே, மைதாவும் உப்பும் சேர்த்தே வாங்கி வையுங்கள்!