பாரிசுக்கு எந்த மாசம் போகலாம்?

மழைநாளில் நம்ம தெருவில் பாவு போட முடியுமா? ஊர் சுற்றவும் காலம் பார்க்கணும், நண்பர்களே! பாரிசில் ஜூன் கடைசியில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கே இருட்டு, குளிர் வேறு! பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதும், பாரிஸ் வடக்கே 49 டிகிரிக்கு அருகில் இருப்பதுமே காரணம். (நம்ம ஊர் 12½-ஐ ஒட்டி.)

மே, செப்டம்பர் நல்லது என்பார்கள். ஆகஸ்டில் பல கடைக்காரர்கள் பூட்டிவிட்டு லீவுக்குப் போய்விடுவார்களாம். ஆனால் என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசிதான்! 1985-இல் இலங்கைத் தமிழர் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் பெரும்பாலும் அப்போதுதான் ஓடும். லா ஷப்பேல் நடுரோட்டில் தேங்காய் மலைமலையாய் உடைபடும். வெள்ளைக்காரர்களும் கூட்டமாய் வேடிக்கை பார்ப்பார்கள். தேர் பார்க்கணும்னா மார்ச்சிலேயே விசாவுக்கு மனு போடலாம். 6 மாசம் முன்பே வாங்கிக்கொள்வார்கள்.